தடம் புரளும் மாடல் ரயில் என்ஜினை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மாடல் ரயில் வைத்திருப்பவர்கள், குறிப்பாகச் சென்னையில் ரிப்பேருக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள். தடம் புரள்வதைச் சரி செய்து தருகிறேன் என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் என்ஜினை இன்னும் கெடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் ஒருவர். அவர் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார் என்பது தெரிந்தால் போதும், இதே வேலையை வேறு யார் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

எச்.ஓ. அளவு என்ஜின், அதாவது 1:87, 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவது. பழைய அமெரிக்க ஆல்கோ கம்பெனி டீசல் என்ஜினின் மாடல், போகிக்கு (என்ஜினின் அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டம்) மூன்று அச்சு. நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்-2 டீசல் என்ஜினும் ஆல்கோ வடிவமைப்புதான் என்பதால், ஈரோடு ஷெட் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பெட்டி போன்ற உருவத்தின் மேல் தனிப் பிரியம். நேர்ப்பாதையிலும் வளைவிலும் ஒழுங்காக ஓடும், பாயிண்ட்டுக்கு, அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு, வந்தால் மட்டும் முன் போகியின் முதல் அச்சு தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கிவிடும். கூடவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் டொக் டொக் என்று ஒரு சத்தம். அதே பாயிண்ட்டில் மற்ற என்ஜின்களும் பெட்டிகளும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போகின்றன. இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதி, எந்த அச்சு என்று போட்டோவில் வட்டம் போட்டுக் காட்டித்தான் அவரிடம் கொடுத்தேன்.

இது தெரிந்தவர்களுக்கு உடனே சந்தேகம் வரவேண்டிய இடம் அச்சின் கியர். இந்த வகை என்ஜின்கள் பலவற்றில் அச்சு ஒரே கம்பியாக இருக்காது. இரண்டு சக்கரத்திலிருந்தும் ஆளுக்கொரு அரை அச்சு வந்து, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் கியரின் துளைக்குள் இறுக்கமாகச் செருகியிருக்கும். வருடங்கள் போகப் போக அந்தப் பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்கு வெடித்துவிடும். வெடித்த இடத்தில் பற்களின் இடைவெளி விரிந்துவிடுவதால்தான் அந்த டொக் டொக். பிடிப்பு விட்டுப்போவதால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ நகர்ந்துவிடும். எச்.ஓ.வில் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையில் சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். அது குறைந்தால், பாயிண்ட்டில் இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் ஃபிராக்குக்கு எதிரே உள்ள கார்ட் ரயிலில் (சக்கரத்தை வழிநடத்தும் துண்டுத் தண்டவாளம்) சக்கரத்தின் உள்முகம் போய் முட்டும், அப்புறம் ஏறித்தான் ஆகும். வெர்னியர் காலிபர் இருந்தால் ஒரு நிமிட வேலை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் அளவுத் தகடு இருந்தால் அதுவும் வேண்டாம், சக்கரத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

அவர் என்ன செய்தார்? வேலை முடிந்தது என்று ஒரு வீடியோ அனுப்பினார். வட்டப் பாதையில் என்ஜின் ஜோராக ஓடுகிறது. அந்த வட்டத்தில் ஒரு பாயிண்ட்கூட இல்லை! பாயிண்ட்டில் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "சார், நல்லா செக் பண்ணியாச்சு, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று பதில். பில்லில் "வீல் அலைன்மென்ட், கியர் சர்வீஸ்" என்று எழுதியிருந்தது.

வீட்டில் ஓட்டினால் அதே பாயிண்ட், அதே அச்சு. இப்போது கூடுதலாக வளைவிலும் இறங்குகிறது. மேல்கூட்டைக் கழற்றினேன். கூரையின் உள்பக்கம் ஈயக்கட்டியை ஒட்டி வைத்திருக்கிறார், போன் செய்து கேட்டால் என்.எம்.ஆர்.ஏ. சொன்ன எடை என்கிறார். அந்தப் பரிந்துரை பெட்டிகளுக்கு: எச்.ஓ.வில் 1 அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். மோட்டாரும் உலோகச் சட்டமும் உள்ள என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போகி திருகை அசையாத அளவுக்கு இறுக்கியிருக்கிறார். போகி கொஞ்சம் மேலும் கீழும் ஆட வேண்டும், அப்போதுதான் தண்டவாளத்தின் சின்ன ஏற்ற இறக்கத்தில் எல்லாச் சக்கரமும் படியும். அதை இறுக்கியதுதான் வளைவில் வந்த புதுப் பிரச்சினைக்குக் காரணம்.

இதைவிட மோசம் சக்கரம். பாயிண்ட்டில் முட்டுகிறது என்று புரிந்திருக்கிறது, ஆனால் ஏன் முட்டுகிறது என்று பார்க்காமல் விளிம்பை அரத்தால் ராவிவிட்டார். வெள்ளி நிற முலாம் போய் உள்ளேயிருக்கும் பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது, விளிம்பைச் சுற்றிக் குறுக்கே அரக்கோடுகள், ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. காலிபர் வைத்தால் அந்த அச்சில் இடைவெளி 14 மி.மீ.க்கும் கீழே. நகத்தால் தள்ளினாலே சக்கரம் நகர்கிறது. கியரில் வெடிப்பு இருப்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது, ஏனென்றால் அதன் மேல் சூப்பர் க்ளூ விட்டிருக்கிறார். கியர் செய்யும் அசெட்டால் பிளாஸ்டிக்கில் சூப்பர் க்ளூ நிற்காது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பசை பொருக்கு மாதிரி உதிர்ந்து கியர் பெட்டிக்குள் கிடந்தது. அந்தப் பசைதானோ, ஈயத்தை ஒட்டிய பசைதானோ, ஆவி பட்டு டிரைவர் கேபின் ஜன்னல்கள் உள்பக்கமாக வெள்ளையாகப் பனித்துப்போய்விட்டன. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே மனசு விட்டுப்போனது.

வெடிப்பைப் பார்த்தவர் "கியர் போயிடுச்சு, புதுசு வெளியிலிருந்து வரவழைக்கணும், டைம் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பேன். சொல்லவில்லை. போட்டோக்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "உங்க டிராக்லதான் ஃபால்ட்" என்றார், மற்ற என்ஜின்கள் அதே பாயிண்ட்டில் போகும் வீடியோவை அனுப்பினேன், அதற்கப்புறம் பதிலே இல்லை.

யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் இறங்கினால் தண்டவாளம். ஒரே வண்டி எல்லாப் பாயிண்ட்டிலும் இறங்கினால் வண்டி. சமமான கண்ணாடி மேல் என்ஜினை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள், சுலபமாக உள்ளே போனால் அந்தச் சக்கரம் தூக்கி நிற்கிறது. வண்டிகளை இணைக்கும் கப்ளரின் கீழே வளைந்து தொங்கும் கம்பி தாழ்ந்திருந்தாலும் ஃபிராக்கில் மாட்டும், அதையும் மறக்காதீர்கள். சத்தம் வந்தால் கியரைத் திறந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: சக்கர இடைவெளி ரிப்பேருக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, எந்தப் பாகம் மாற்றினீர்கள், கழற்றிய பழைய பாகம் எங்கே. விளிம்பை ராவக் கூடாது, கேட்காமல் பசை விடக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். பாயிண்ட் வழியாக முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிக் காட்டும் வீடியோ வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

என் என்ஜினுக்குக் கியர் மட்டும் மாற்றியிருந்தால் போதும், இப்போது அந்த அச்சுக்குச் சக்கரத்தோடு சேர்த்து முழு செட் வாங்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கடை ஒன்றில் இருக்கிறது, ஆர்டர் போட்டிருக்கிறேன். இதே வகை என்ஜினில் டொக் டொக் சத்தம் கேட்பவர்கள் யாராவது இருந்தால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு, எந்த அச்சு என்று தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள், எந்த கியர் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.