ப்ரூவர்ஸ் ஈஸ்ட் என்று மால்டோடெக்ஸ்ட்ரினைத் தலையில் கட்டுகிறார்கள், பார்த்து வாங்குங்கள்

அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, யூரிக் ஆசிட் தொல்லையும் உண்டு. ஆன்லைனில் "நூறு சதவீதம் சுத்தமான ப்ரூவர்ஸ் ஈஸ்ட்" என்று விற்கிற ஒரு கடையில் வாங்குவதற்கு முன்பே சாட்டில் இரண்டையும் சொல்லித்தான் கேட்டேன். "இயற்கையான பொருள் சார், யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், சைடு எஃபெக்ட்டே கிடையாது, குரோமியம் இருப்பதால் சுகர் தானாக இறங்கும், பி12 வேறு இருக்கிறது, மாத்திரையே தேவைப்படாது" என்று பதில் வந்தது. ஒரே மூச்சில் இத்தனை புளுகு!

டப்பாவைத் திறந்தால் வெளிர் வெள்ளை மாவு, நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. அப்போதே பொறி தட்டியது. பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டைச் சூடாக்கிச் செயலிழக்க வைத்து, உலர்த்திப் பொடியாக்கினால் அதுதான் ப்ரூவர்ஸ் ஈஸ்ட். ஹாப்ஸ் பூவின் கசப்பு அதில் ஏறியிருக்கும், நிறமும் பழுப்பாக இருக்கும். கசப்பு நீக்கியதும் கிடைக்கிறது, ஆனால் அது இனிக்காது. டப்பாவின் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக ஒரு தள்ளுபடி ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டி எடுத்தால் முதல் பெயரே மால்டோடெக்ஸ்ட்ரின், அதற்குக் கீழேதான் ஈஸ்ட். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கிற இந்த மாவு ரத்தச் சர்க்கரையை மளமளவென்று ஏற்றும், இதைப் போய் சர்க்கரை நோயாளிக்கு விற்றிருக்கிறார்கள். நல்ல ஈஸ்ட் பொடியில் கிட்டத்தட்டப் பாதி எடை புரதம்தான், இதில் 100 கிராமுக்கு 11 கிராம் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.

கலப்படமில்லாத ஈஸ்ட்டாக இருந்தாலும் அந்தச் சாட் பதில் ஆபத்தானது. ஈஸ்ட்டில் பி1, பி2, நியாசின், பி6, ஃபோலேட் எல்லாம் தாராளமாக உண்டு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பி12 கிடையாது, ஈஸ்ட்டால் அதை உருவாக்கவே முடியாது, வெளியிலிருந்து சேர்த்தால்தான் உண்டு. பெரும்பாலும் அப்படிச் சேர்த்து விற்பது மொலாசஸில் வளர்க்கிற நியூட்ரிஷனல் ஈஸ்ட்டில், அது வேறு சரக்கு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறைய வாய்ப்புண்டு. இவர்கள் பேச்சை நம்பி பி12 மாத்திரையை நிறுத்தினால், ஈஸ்ட்டின் ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் தொடரும். அப்புறம் யூரிக் ஆசிட். உடலுக்குள் யூரிக் ஆசிட்டாக மாறுகிற பியூரின் ஈஸ்ட்டில் அதிகம், கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வலி) உள்ளவர்களைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ.ஐ. வகை மருந்து எடுப்பவர்கள் தொடவே கூடாது, ஈஸ்ட்டில் இருக்கக்கூடிய டைரமின் என்ற பொருள் காரணமாக ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறலாம். குரோமியம் சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அதை நம்பி யாரும் மருந்தை விடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சீல் உடைத்தால் ரிட்டர்ன் கிடையாது." சரி, சீலை உடைக்காமல் உள்ளே இருப்பது வெள்ளை மாவு என்று எப்படித் தெரியும்? ஸ்டிக்கரைச் சுரண்டிய படத்தை அனுப்பியதும் அடுத்த ஆர்டருக்கு ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். அதே படத்தோடு நான் போட்ட விமர்சனத்தையும் தூக்கிவிட்டார்கள், "இயற்கையான பி12" விளம்பரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.