வேலூர் வெயிலில் தரையை மூட: படர் ரோஜாவா, பட்டன் ரோஜாவா, உன்னியா?

முதலில் ஒன்று: எந்த ரோஜாவும் புல்லைப்போல மண்ணை மூடாது. கொம்புகளுக்கு நடுவே வெளிச்சம் இறங்கும்; அங்கே கோரை கிளம்பும். முள்ளுக்குள் கைவிட்டுக் களை பிடுங்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் நடுவதற்கு முன்பே ஒரு அடி ஆழம் கொத்தி, கோரைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

படர் ரோஜாக்களில் விச்சுராயானா வகைதான் உண்மையில் ஊர்ந்து போகும், கணுவுக்குக் கணு வேர்விடும். ஆனால் பூப்பது ஆண்டுக்கு ஒரே பருவம். 1932-இல் வந்த 'தி ஃபேரி', பிறகு வந்த 'ஃப்ளவர் கார்ப்பெட்' இரண்டும் திரும்பத் திரும்பப் பூக்கும். ஆனால் அவை கம்பளம் அல்ல, இரண்டு மூன்று அடி உயரத்துக்கு விரிந்த புதர். சரிவான கரைக்கும் தொட்டிச்சுவர் ஓரத்துக்கும் பொருந்தும். சமதரைக்கு வீண்செலவு.

பட்டன் ரோஜா நர்சரிகளில் சுலபமாகக் கிடைக்கும். ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, நீண்ட கொம்புகளை வளைத்து கம்பிக்கொக்கியால் மண்ணோடு பதியம் போட்டால் ஓரளவு படரும். வாங்கும்போது ஒட்டுச்செடி வேண்டாம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுக்கொம்பு மேல்செடியை அமுக்கிவிடும். ஐப்பசி மழையோடு நடலாம். ஒன்றரை அடிக் குழிக்குப் பத்து கிலோ மக்கிய சாணி எரு. மேலே மூன்று அங்குலம் மல்லாட்டை (வேர்க்கடலை) ஓடு. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடவும், இல்லாவிட்டால் கரையான் தண்டையும் பார்த்துவிடும்.

போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் நரம்பு பச்சையாக, இடையே இலை மஞ்சளாகும். அது இரும்புக் குறை: லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளிக்கலாம். சித்திரை, வைகாசியில் செஞ்சிலந்தி வரும்; காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கும். அந்த வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகிப்போகும்.

இத்தனை பாடும் வேண்டாம், தரை மூடினால் போதும் என்றால் ஊதாப்பூ படர் உன்னி (லாண்டனா செடி). இரண்டடிக்கு ஒன்று நட்டால் போதும், வேர் பிடித்தபின் தண்ணீரும் குறைவு. ஆடு மாடு நுழையும் இடத்தில் மட்டும் கூடாது, இலை நஞ்சு. டேபிள் ரோஸ் (பெயர்தான் ரோஸ்) வெயில் தாங்கும், மதியத்துக்குமேல் பூ மூடிக்கொள்ளும், ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்றால் அழுகும். நிழலான இடத்துக்கு வெடேலியா என்ற மஞ்சள்பூ படர்செடி. அதற்கு நடைபாதை ஓரமாக ஒரு செங்கல் வரிசை புதைத்தே ஆக வேண்டும், அதன்மேல் ஏறிவரும் கொடியை மாதம் ஒருமுறை வெட்டவும் வேண்டும்.