ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு: திருவாரூர்ப் பக்கத்து வாடகைக் கார் சேவை ஒன்றின் மதிப்பீடு

திருவாரூரில் ஷெட் வைத்து வண்டிகள் விடும் வாடகைக் கார் நிறுவனம் ஒன்றை எங்கள் குடும்பம் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறது. கொரடாச்சேரியை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறோம். மாமியாரின் சிகிச்சைக்குத் தஞ்சாவூர், வெளியூர் உறவினர்கள் வந்தால் நவக்கிரகக் கோயில்கள், முகூர்த்த மாதங்களில் கும்பகோணத்துக் கல்யாண மண்டபங்கள் என்று, இவர்களுடைய வண்டியை அழைக்காத மாதம் குறைவு. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இங்கே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ வண்டி எடுப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால், ஒரு ஷெட்டை மட்டும் சந்தியில் நிறுத்துவது முறையாகாது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். எந்த நேரத்தில் அழைத்தாலும் போனை எடுக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வரச் சொன்னால் மூன்றே முக்காலுக்கே வண்டி வாசலில் நிற்கிறது. ஓட்டுநர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதிக்காரர்கள். அறுவடைக் காலத்தில் எந்தச் சாலையில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள், எந்த வாய்க்கால் மதகில் எதிர் வண்டிக்கு ஒதுங்க இடமிருக்காது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மருத்துவமனை வாசலில் மாமியாரைச் சக்கர நாற்காலியில் இறக்கி வைக்க ஓட்டுநர் தம்பி ஒருவர் கேட்காமலேயே கை கொடுத்தார். ஓட்டுநர்கள் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. குறையெல்லாம் கணக்கில்தான் இருக்கிறது.

போனில் சொல்வது, "கிலோமீட்டருக்குப் பதினாலு ரூவா சார், செடான் வண்டி" என்பதோடு நின்றுவிடும். எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்ப ஏறத்தாழ 84 கிலோமீட்டர் என்பதால், 1,176 ரூபாய் ஆகும் என்று நாம் மனக்கணக்குப் போட்டு வைத்திருப்போம். ஆனால் அவர்களுடைய கிலோமீட்டர் நம் வாசலில் தொடங்குவதில்லை. திருவாரூர் ஷெட்டை விட்டு வண்டி கிளம்பும்போதே தொடங்கி, நம்மை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஷெட்டுக்குள் நுழையும்வரை ஓடுகிறது. அந்த வகையில் 30 கிலோமீட்டர் சேர்ந்து 114 ஆகி, வாடகை 1,596 ரூபாயாகிவிடும். அதற்கு மேல் ஓட்டுநர் பேட்டா 400, வெயிட்டிங் மூன்று மணி நேரத்துக்கு 450. ஆக 2,446 ரூபாய், "ரவுண்டா 2,450 குடுத்துருங்க." பில் என்று கைக்கு வந்தது, ஏதோ எண்ணெய்க் கம்பெனி விளம்பரம் அச்சிட்ட சிறிய நோட்டுத் தாளில் பேனாவால் எழுதிய நான்கு வரி. அதில் தேதி இல்லை, வண்டி எண் இல்லை, புறப்பட்டபோது மீட்டர் காட்டிய எண்ணும் திரும்பியபோது காட்டிய எண்ணும் இல்லை.

பேட்டாவை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லாத ஓட்டுநருக்கு அன்றைய சாப்பாடும் வீட்டுச் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன. வெயிட்டிங்கில்தான் எனக்குத் தகராறு. அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் மருத்துவமனையில் கழிந்தது. மீதி அரை மணி நேரம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கேட்டின் மகிமை தெரிந்திருக்க நியாயமில்லை. தஞ்சாவூர்–திருவாரூர் ரயில் பாதை நீடாமங்கலத்தில் நெடுஞ்சாலையை ஊருக்குள்ளேயே வெட்டிக்கொண்டு போகிறது. மன்னார்குடிக் கிளைப் பாதையும் இந்த நிலையத்திலிருந்துதான் பிரிகிறது. பயணிகள் ரயில்கள் போதாதென்று, நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயிலின் பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்துச் சேர்ப்பதற்காகவும் கேட் போடுவார்கள். "கேட் போட்டுட்டான்" என்று யாராவது சொன்ன மாத்திரத்தில் வேளாங்கண்ணிக்குப் போகும் பேருந்துகள், கரும்பு டிராக்டர், ஆம்புலன்ஸ், நாங்கள் என்று எல்லாரும் ஒரே வரிசையில் நின்றுவிடுவோம். இரு சக்கர வண்டிக்காரர்கள் இடைவெளியில் புகுந்து முன்னே போய் எதிர்ப்பக்க வழியையும் அடைத்துவிடுவதால், கேட்டைத் திறந்த பிறகும் நெரிசல் கலைய நேரமாகும். அன்றைக்கு ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தி ஜன்னலை இறக்கிவிட்டார், ஏசியும் இல்லை. அப்படி நின்ற அரை மணி நேரத்துக்குத்தான் 75 ரூபாய்.

இதை ஷெட் முதலாளியிடம் கேட்டேன். "கேட் போட்டா நான் என்னண்ணே பண்றது? வண்டி நிக்கிறதும் ஒண்ணுதான், ஓடுறதும் ஒண்ணுதான். வேணும்னா அடுத்த தடவை மன்னார்குடி சுத்திப் போகச் சொல்றேன், கிலோமீட்டர் கொஞ்சம் கூட ஆகும்" என்றார். கோபமே இல்லாமல், ஏதோ சலுகை தருவதைப் போலச் சொன்னார்.

கோயில் பயணத்தில் வேறொரு வரி சேரும். ஒன்பது நவக்கிரகத் தலங்களில் எட்டு தமிழ்நாட்டில் இருக்க, சனீஸ்வரன் மட்டும் காரைக்காலைச் சேர்ந்த திருநள்ளாற்றில், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் இருக்கிறார். ஆகவே "பாண்டி பெர்மிட்" என்று ஒரு தொகை கேட்கிறார்கள். அகில இந்தியச் சுற்றுலா வாகன விதிகளின் கீழ் அனுமதி பெற்ற வண்டிக்கு மாநிலந்தோறும் தனி அனுமதி தேவையில்லை. அந்த அனுமதி இல்லாத வண்டிக்குப் பெர்மிட் எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுத்ததற்கு ரசீது இருக்க வேண்டும். ரசீதைக் கேட்டபோது, "ஆன்லைன்ல கட்டியாச்சு" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆவணி, தை போன்ற முகூர்த்த நெருக்கடியில் டி போர்டு வண்டிகளெல்லாம், அதாவது மஞ்சள் எண் பலகை மாட்டிய வாடகை வண்டிகளெல்லாம், ஓடிக்கொண்டிருந்தால், யாராவது தெரிந்தவருடைய ஓன் போர்டு வண்டியை, அதாவது வெள்ளை எண் பலகை மாட்டிய சொந்த உபயோகக் காரை, அனுப்பிவிடுகிறார்கள். வாடகை மட்டும் அதேதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 66ஆவது பிரிவின்படி அனுமதி இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அபராதம் அவர்கள் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் சொந்த உபயோகக் காருக்கு எடுக்கும் காப்பீட்டில், வாடகைக்கு ஓட்டும்போது செல்லாது என்ற நிபந்தனை இருக்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படியேறி அலைய வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் குடும்பத்தார்தான். டி போர்டுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, பெர்மிட், கூடுதல் காப்பீடு என்று ஆகும் செலவைப் பார்க்கும்போது, ஒழுங்காகக் கட்டி ஓட்டும் ஓட்டுநர்களுக்கும் இது அநியாயம். எங்கள் ஊர் டி போர்டு ஓட்டுநர் ஒருவர் இதைச் சொல்லிப் புலம்பாத நாள் இல்லை.

கட்டணத்தை நிர்ணயிக்க அரசுக்கு அதிகாரம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அதே சட்டத்தின் 67ஆவது பிரிவு, பேருந்தோடு வாடகை வண்டிக்கும் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சென்னை ஆட்டோக்களுக்கு 2013இல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். காலத்தோடு அதைத் திருத்தாமல் விட்டதில் அங்கேயே மீட்டர் பொம்மையாகிவிட்டது. செயலி வழியாக வண்டி விடும் நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2025 ஜூலையில் புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெரிசல் நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது, காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் 10 விழுக்காடு, உச்சமாக 100 ரூபாய், அபராதம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பயணி இல்லாமல் ஓடிய தூரத்துக்குப் பொதுவாகப் பணம் வாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. நம் ஷெட் கணக்கு அடிபட்டுப் போக வேண்டிய இடம் இதுதான். ஆனால் ஒரு போன் நம்பரும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்துத் தொழில் நடத்துபவர் இந்த நெறிகளின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார், நாங்களும் அவரோடு அங்கேயே இருக்கிறோம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அவரையே அழைக்கிறீர்கள் என்று கேட்கலாம். பகலில் நான் மட்டும் போவதென்றால் அழைப்பதில்லை. தஞ்சாவூர்–திருவாரூர்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலையில் பகலில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. 2018 ஜனவரிக் கட்டண உயர்வுக்குப் பிறகு சற்றுக் குறைத்து நிர்ணயித்தபடி, புறநகர்ச் சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசுதான். பதினான்கு ரூபாய் எங்கே, 58 காசு எங்கே! நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆற்றங்கரைச் சாலைகளில் உள்ளே போகப் போகத்தான் தொல்லை தொடங்குகிறது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று வரும் டவுன் பஸ், ஓட்டுநர் பற்றாக்குறையோ டயர் பஞ்சரோ, எந்த நாளில் வராது என்பது அன்றைக்குத்தான் தெரியும். "இன்னைக்கு டிரிப் கட்" என்று டீக்கடைக்காரர் சொன்னால்தான் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது எங்கள் பகுதி நடவுப் பெண்களுக்கும் கல்லூரி மாணவிகளுக்கும் கிடைத்த பெரிய உதவி. ஆனால் இரவு எட்டரைக்கு மேல் பேருந்து நிலையத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்த உதவி ஏறுவதற்கு ஒரு வண்டி இருந்தால்தான் பயன்படும். இல்லாத பட்சத்தில், ஷெட் முதலாளி சொல்வதுதான் விலை.

ரயில் கதை இன்னும் நீளம். வேதாரண்யம் வழியாகப் போகும் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி மீட்டர் கேஜ் பாதை 2004இல் நின்றது. 37 கிலோமீட்டரை அகலப்பாதையாக்கி மறுபடி ரயில் விட 2023 ஏப்ரல் ஆயிற்று. அதுவரை வேதாரண்யத்துக்காரர்களுக்குப் பேருந்து, தப்பினால் வாடகை வண்டி. திருவாரூர்–காரைக்குடிப் பாதையில் 2019 ஜூனில் ரயில் வந்தது. ஆனால் கேட் கீப்பர்களை நியமிக்காததால், ஆட்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கிப் பூட்டி, கடந்த பின் திறந்து, மறுபடி ஏறிப் போனார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். அப்படி ஒரு ரயிலை நம்பி யாரும் மருத்துவமனைக்கு நேரம் குறித்து வாங்க முடியாது.

அரசு நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகம், 2024 பிப்ரவரியிலிருந்து வார இறுதியில் நவக்கிரகத் தலங்களுக்கு ஒரு நாள் சிறப்புப் பேருந்து விடுகிறது. அதிகாலையில் கும்பகோணத்தில் புறப்பட்டு, திங்களூர் முதல் திருநள்ளாறு வரை ஒன்பது தலங்களையும் காட்டி இரவில் கொண்டுவந்து விடுகிறார்கள். தொடங்கியபோது கட்டணம் ஆளுக்கு 750 ரூபாய். சென்ற முறை பெங்களூரிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தை அதில்தான் ஏற்றிவிட்டேன். பேட்டாவும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. கோயிலில் கூட்டம் என்றால் நினைத்த நேரம் நிற்க முடியாது என்று சித்தி குறைப்பட்டுக்கொண்டார், அது உண்மைதான். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைத்த புதிய மினி பேருந்துத் திட்டத்தில், பேருந்து போகாத ஊர்களைச் சேர்த்து 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் கொடுக்கிறார்கள். எங்கள் வாய்க்கால் கரைச் சாலைக்கு அது வந்தால், கொரடாச்சேரி வரையிலாவது காரை மறந்துவிடலாம்.

மதிப்பெண் என்று கேட்டால், ஓட்டுநர்களுக்காகவும் நேரந்தவறாமைக்காகவும் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் முதலில் டி போர்டுதானா என்று கேட்டு, வண்டி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஷெட் கிலோமீட்டர் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, கேட்டில் நின்றால் வெயிட்டிங் உண்டா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குவது நல்லது. போனில் சொன்னது இறங்கும்போது யாருக்கும் நினைவிருக்காது. வண்டி வந்ததும் மீட்டரைப் படம் எடுங்கள், ஷெட்டுக்குத் திரும்பியதும் ஓட்டுநரையும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு எங்கள் கணக்கில் ஷெட் கிலோமீட்டர் 30லிருந்து 24 ஆகக் குறைந்திருக்கிறது. ஷெட் இருப்பது பழைய இடத்தில்தான்.