1–100 ஆங்கில எண் சார்ட்: எழுத்துக்கு நல்லது, உச்சரிப்புக்குப் போதாது

ஸ்டேஷனரி கடைகளில் தொங்கும் லேமினேஷன் சார்ட்தான். வரிசைக்குப் பத்து எண், கீழே ஆங்கிலத்தில் பெயர். ஸ்பெல்லிங் பழக தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் 40. ஃபோர், ஃபோர்ட்டீன் இரண்டிலும் 'யு' உண்டு, ஃபார்ட்டியில் கிடையாது. சார்ட்டில் 4-ம் 14-ம் மேலும் கீழுமாக இருக்க, 40 கடைசி ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. மூன்றையும் ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிடுங்கள். வாங்கும்முன் 21-ஐப் பாருங்கள்: ட்வென்டிக்கும் ஒன்னுக்கும் நடுவே சிறுகோடு இல்லையென்றால் வேறு சார்ட் கேளுங்கள்.

பெரிய குறை உச்சரிப்பு. 13-ஐத் தனியாகச் சொல்லும்போது அழுத்தம் பின்பாதியில், 'டீன்' நீள வேண்டும். 30-இல் அழுத்தம் முன்பாதியில், 'ட்டி' சட்டென்று முடியும். இதை யாராவது சொல்லிக் காட்டித்தான் ஆக வேண்டும். ஃபர்ஸ்ட், செகண்ட் போன்ற வரிசை எண்களும் சார்ட்டில் இல்லை. நைன்த் எழுதும்போது நைனின் கடைசி 'இ' போய்விடும் என்பதைத் தனியாக நோட்டில் எழுதிப் பழக்குங்கள்.