எஸ்.எல்.ஆர். முதல் சிக் 716 வரை: 28 ஆண்டுகளில் சுமந்த நான்கு ரைஃபிள்கள்

1993-இல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர்ந்து, 2021-இல் சுபேதாராக ஓய்வு பெற்றேன். இந்த 28 ஆண்டுகளில் கோத் என்னும் ஆயுதக் கிடங்கிலிருந்து என் கைக்கு வந்த ரைஃபிள்கள் நான்கு வகை: 1ஏ1 என்னும் எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்), இன்சாஸ், ஏ.கே.எம்., இறுதியாக சிக் 716. ஊரில் பையன்கள் எல்லோரும் "இவற்றில் எது நல்லது?" என்றே கேட்கிறார்கள். எனக்கோ எந்தத் தோட்டாவை, எத்தனை எண்ணிக்கையில், எவ்வளவு உயரத்துக்குச் சுமந்து செல்ல வேண்டும் என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. துப்பாக்கியின் பெயர் அதற்குப் பிறகுதான்.

எஸ்.எல்.ஆர். சுடுவது 7.62×51 மி.மீ. தோட்டா (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது கூட்டின் நீளம்). 1954-இல் நேட்டோ நாடுகள் பொது அளவாக ஏற்றுக்கொண்ட அதே தோட்டாதான். ஏறத்தாழ 9.5 கிராம் எடையுள்ள குண்டு, நொடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும். துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் இறுக்கிப் பிடிக்காத பயிற்சி வீரனுக்கு அன்று மாலையே தோள் கன்றிப்போகும். எனக்கும் முதல் வாரத்தில் அது நடந்தது. மேகசின் (தோட்டா அடைத்துச் செருகும் பெட்டி) இல்லாமலே நான்கு கிலோவுக்கு மேல் எடை, ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும். ஆனால் துப்பாக்கியை இயக்கும் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அதன் கேஸ் ரெகுலேட்டரைப் போல ஒரு படைவீரனுக்குத் தன் ஆயுதத்தைப் புரியவைத்த பாகம் வேறில்லை. ரெகுலேட்டரை நன்றாகத் திறந்து வைத்துச் சுட்டால் வாயு வீணாகி, காலிக்கூடு சரியாக வெளியேறாது; ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே ஒவ்வொரு ரவுண்டாகச் சுட்டு, கூடு தடையின்றித் தெறித்து விழும் இடத்தைக் கண்டதும் அதற்கு மேல் இரண்டு கிளிக் மூட வேண்டும். உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சியாளர், இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வார்.

பிறகு வந்த இன்சாஸ், தோட்டாவை 5.56×45 மி.மீ. ஆக்கியது. 7.62 நேட்டோ தோட்டா ஒன்று சுமார் 24 கிராம் என்றால், இது ஏறத்தாழ 12 கிராம்; அதாவது இருநூறு ரவுண்டுகளுக்கு இரண்டு கிலோவுக்கும் மேல் முதுகுக்கு மிச்சம். "எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்துவதற்காகவே இந்தச் சிறிய குண்டு" என்று பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. அதிகத் தோட்டாக்களைச் சுமக்கவும், உதைப்பைக் குறைத்து அடுத்த குண்டை விரைவாகக் குறிவைக்கவும்தான் உலகப் படைகள் இந்த அளவுக்கு மாறின. வேடிக்கை என்னவென்றால், தோட்டா பாதியாகக் குறைந்தும் துப்பாக்கி இளைக்கவில்லை: இன்சாஸும் மேகசின் இல்லாமல் நான்கு கிலோவுக்குக் குறையாது. 1999 கார்கில் போரின் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாக அக்காலத்திலேயே செய்திகள் வந்தன. எனக்கும் ஒருமுறை பாறையில் விழுந்து மேகசினின் வாய்ப்பகுதி பிளந்தது. ஆனாலும் அந்த மேகசின் வழியே எத்தனை ரவுண்டு மீதமிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள முடிந்ததை நான் பெரிய வசதியாகவே கருதினேன். சுடுதளத்தில் புதியவர்களின் குரூப்பிங் (இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு) எஸ்.எல்.ஆரைவிட இதில்தான் விரைவாக ஒடுங்கியது. இன்சாஸ் வாங்கிய திட்டில் பாதி நியாயமில்லாதது என்பது என் எண்ணம்.

காஷ்மீரில் பணியாற்றிய ஆண்டுகளில் கையில் இருந்தது ஏ.கே.எம். அங்கே வீடுகளுக்கு இடையிலும் ஆப்பிள் தோட்டங்களிலும் நூறு மீட்டருக்குள்ளேயே மோதல் முடிந்துவிடும். அந்தத் தூரத்துக்கு 7.62×39 மி.மீ. தோட்டாவைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. சோவியத் நாட்டில் 1943-இல் உருவாக்கப்பட்ட இந்தத் தோட்டாவின் குண்டு எட்டு கிராம். வேகம் நொடிக்கு எழுநூறு மீட்டருக்குச் சற்று மேல். முந்நூறு மீட்டரைத் தாண்டினால் குண்டு வேகமாகத் தாழத் தொடங்கும் என்பதால், மலை முகட்டிலிருந்து எதிர் முகட்டைக் குறிவைப்பவனுக்கு இது உதவாது. வலப்பக்கத்து நெம்புகோல் மேலே இருந்தால் பூட்டு, நடுவில் தொடர் சுடுதல், அடியில் ஒற்றைச் சுடுதல். பதற்றத்தில் ஓங்கி அழுத்துபவனின் விரல் நேராக ஒற்றைச் சுடுதலுக்கே போய் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நெம்புகோல் எழுப்பும் 'கடக்' என்ற ஓசை இரவில் இரண்டு வீடு தாண்டியும் கேட்கும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, மெல்ல இறக்கப் பழகிக்கொள்ளவே எனக்குப் பல நாட்கள் ஆயின. முப்பது தோட்டாக்கள் நிறைந்த எஃகு மேகசின் ஒன்றே சுமார் எண்ணூறு கிராம் என்பதும் மறக்கக் கூடாத குறை. சுத்தம் செய்வதைப் பற்றி எழுத அதிகமில்லை: பிஸ்டனைத் துடைத்து, 'சிந்தி' என்னும் துணிக்கீற்றை எண்ணெயில் தோய்த்துக் குழலுக்குள் இழுத்தால் வேலை முடிந்தது.

பணியின் கடைசிக் காலத்தில் சிக் 716 வந்தது. 2019 பிப்ரவரியில் 72,400 ரைஃபிள்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டு, எல்லை முன்னணிப் படைகளுக்கு வழங்கப்பட்டவற்றுள் ஒன்று. மீண்டும் அதே 7.62×51. பள்ளத்தாக்கின் குறுக்கே ஐந்நூறு மீட்டரில் இருந்த இரும்புத் தகட்டில் அது 'டங்' என்று அறைந்தபோது, பயிற்சிக்கால எஸ்.எல்.ஆரை மீண்டும் தொட்டதுபோல் இருந்தது. துப்பாக்கி நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மேல்தண்டில் எந்தத் தொலைநோக்கிக் குறிகாட்டியையும் பொருத்தலாம், மேகசின் நேராகச் செருகினால் போதும். ஆனால் மேகசினுக்கு இருபது ரவுண்டுதான். இன்சாஸ் மிச்சப்படுத்திய எடை முழுவதும் முதுகுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அமெரிக்கத் தரைப்படையும் இதே கணக்கில்தான் சிக்கியிருக்கிறது. 2022-இல் அவர்கள் தேர்ந்தெடுத்த 6.8×51 மி.மீ. ரைஃபிளில் ஒரு வீரனின் வழக்கமான சுமை ஏழு மேகசின்களில் 140 ரவுண்டு. பழைய எம்4-இல் அதே ஏழு மேகசின்களில் 210. நம் பக்கத்தில், 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஏ.கே.-203 ரைஃபிள்கள் 7.62×39 அளவில் தயாராகின்றன. நீண்ட பார்வையுள்ள முகடுகளுக்கு ஒரு தோட்டா, மற்ற எல்லா இடத்துக்கும் ஒரு தோட்டா என்ற இந்தப் பிரிவினை, கிடங்குக்காரருக்குத் தலைவலிதான். ஆனால் என்னை மறுபடி காஷ்மீரத் தோட்டத்துக்கு அனுப்பினால் ஏ.கே.தான் கேட்பேன், முகட்டுக்கு அனுப்பினால் சிக்கையும், கூடவே மேகசின் சுமக்க இளைய முதுகு ஒன்றையும் கேட்பேன்.