பழைய ஆம்னிக்கு எந்த ஜாக்கி?

எங்கள் மாருதி ஆம்னி வேனுக்கு ஜாக்கி வாங்கப் போனபோது யோசனையில் மூன்று இருந்தன: வண்டியோடு வரும், திருகித் தூக்கும் அதே கத்தரி ஜாக்கி, பாட்டில் போல நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கி, சக்கரங்களில் உருளும் ட்ராலி ஜாக்கி. வாங்கியது 2 டன் ட்ராலி. யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை டன் என்று. ஆம்னியின் எடை காலியாக 800 கிலோவுக்குள்தான். ஒரு சக்கரத்தைத் தூக்க 2 டன் தாராளம். விலையில் கத்தரி குறைவு, ட்ராலி அதிகம். இவற்றில் யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது ஜாக்கியின் தலை வண்டியில் எந்த இடத்தைத் தாங்குகிறது என்பதை. ஆம்னியின் உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸ்) இல்லாத வண்டி அது. தகடுதான் எல்லா எடையையும் சுமக்கிறது. கத்தரி ஜாக்கி நிற்பது கதவுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பை நம்பி. ஸ்லைடிங் கதவின் அடியில் மண்ணும் மழைத்தண்ணீரும் தங்குவதால் துருப்பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். வண்டியை விற்பதற்கு முன் அந்த இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஜாக்கி ஏற ஏறத் தகடு உள்ளே போகும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அந்த விளிம்பு நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கத்தரியை நம்பலாம். மொத்தையாகக் கேட்டால் அந்த இடத்தில் எந்த ஜாக்கியையும் வைக்காதீர்கள்.

அப்புறம் எங்கே வைப்பது? பின்பக்கத்துக்கு ஆக்சில் இருக்கிறது. ஆம்னியின் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரே துண்டாக வரும் அச்சான ஆக்சிலும் உண்டு. ஸ்பிரிங் பட்டை ஆக்சிலில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கொடுத்தால் துருவைப் பற்றிய கவலை இல்லை. ஆக்சில் மேல் ஓடும் பிரேக் பைப் மட்டும் நசுங்கக் கூடாது. இன்னொரு லாபமும் உண்டு. விளிம்பில் வைத்துத் தூக்கினால் முதலில் பாடி மட்டும் உயரும், ஸ்பிரிங் முழுதாகத் தொங்கிய பிறகுதான் டயர் தரையை விடும். ஆக்சிலில் வைத்தால் தூக்கத் தொடங்கிய கொஞ்சத்திலேயே டயர் எழும்பிவிடும். வண்டி குறைவாக உயர்ந்தால் ஆட்டமும் குறைவு.

பாட்டில் ஜாக்கியும் ஆக்சிலைத் தூக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2 டன் பாட்டில் பலவும் முழுதாக இறக்கிய நிலையிலேயே 18 செ.மீ. உயரம் நிற்கின்றன. ஆம்னியின் சக்கரம் 12 அங்குலம்தான். டயர் பஞ்சராகிப் படுத்துவிட்டால் ஆக்சிலும் இறங்கிவிடும், பாட்டில் நுழைய இடம் போதாது. சிறிய ட்ராலி 13, 14 செ.மீ.யில் தொடங்கி 33 வரை போகும். நீளக் கைப்பிடி இருப்பதால் வண்டிக்கு அடியில் தலையை விடாமலே இழுத்துத் தூக்கலாம். அடிப்பாகமும் அகலம். பாட்டிலின் அடி சின்னது, சரிவில் சாய்ந்தால் நிற்காது.

முன்பக்கம் இவ்வளவு எளிதில்லை, அங்கே ஆக்சில் கிடையாது. சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் கனமான சட்டத்தைத் தேடி, அதில் துரு இல்லாத இடத்தில் கொடுக்க வேண்டும். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், பார்க்காமல் ட்ராலியைத் தள்ளினால் எஞ்சின் ஆயில் நிற்கும் அடித்தொட்டி (ஆயில் சம்ப்) அடிபடும். எந்த இடம் என்பதை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் ஒரு முறை கேட்டு, சாக்பீஸால் குறித்துவைப்பது நல்லது.

ட்ராலிக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அதன் கை வளைவாக மேலே வருவதால், தூக்கத் தூக்க ஜாக்கி தன் சக்கரங்களில் கொஞ்சம் உருண்டு நகர்ந்தாக வேண்டும். ரோட்டோர மண்ணில் அந்தச் சக்கரங்கள் புதைந்தால் ஜாக்கி நகராது, தலைதான் ஆக்சிலிலிருந்து வழுக்கும். அதனால் ட்ராலியோடு கனமான பிளைவுட் துண்டு ஒன்றும் வண்டியில் கிடக்க வேண்டும். அடிக்கடி மண் ரோட்டில் போகிறவர்களுக்குப் பலகையோடு பாட்டில்தான் சரி என்றால் நான் மறுக்க மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் குறைவு.

எந்த ஜாக்கி ஆனாலும் ஆம்னியில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. இது பின்சக்கரத்தால் ஓடும் வண்டி, ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்துக்குத்தான். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும், கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் அது வண்டியைப் பிடிக்காது. இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரன்ஷியல், தூக்கிய சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும். மிச்சம் இருப்பது தரையில் உள்ள ஒரு பின்சக்கரத்தின் ஹேண்ட் பிரேக், அதுவும் பழைய கேபிளோடு. முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அண்டக் கொடுத்த பிறகுதான் தூக்க வேண்டும்.

பாட்டில், ட்ராலி இரண்டும் ஆயில் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கிகள், பராமரிப்பு அதிகமில்லை. ஆயில் குறைந்தால் ஜாக்கி ஆயில்தான் ஊற்ற வேண்டும், பிரேக் ஆயில் ஊற்றினால் ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீல் கெட்டுவிடும். சீல் எப்போது விட்டு ஜாக்கி இறங்கும் என்று வெளியே தெரியாது. ஆகவே டயர் மாற்றுவதைத் தாண்டி அடியில் படுத்து வேலை பார்ப்பவர்கள் ட்ராலியோடு, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டும் ஒரு ஜோடி சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஆக்சிலுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி எடையை அவற்றின் மேல் உட்கார வைத்து, வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு அடியில் போகலாம். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டவே வேண்டாம், எடை ஏறிய நிலையில் அவை திடீரென்று உடையும்.