‘ஆறுக்கு மூணு’ குழந்தைக் கட்டில்: காசைக் கொடுக்குமுன் உள் அளவைப் பாருங்கள்

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பிள்ளைகளுக்குக் கட்டில் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், அதுவரைக்கும் பெயரை இழுக்க வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இதே கட்டிலை இதே சீட்டு ஒட்டி வேறு கடைகளிலும் அப்புறம் பார்த்தேன்.

பாப்பாவுக்கு நாலு வயது. தம்பிப் பயல் பிறந்த பிறகு நாலு பேரும் ஒரே கட்டிலில் படுக்க முடியவில்லை. அறை பத்துக்குப் பத்து. எங்கள் கட்டில் அஞ்சடி அகலம், பக்கத்தில் மூணடிக் கட்டில் ஒன்று போட்டால் நடக்க ரெண்டடி மிஞ்சும், அவ்வளவுதான் இடம். அப்பத்தாவின் நார்க்கட்டில் ஒன்று வீட்டில் உண்டு, ஆனால் அது பாப்பாவுக்கு உயரம், நார் வேறு தொடையில் வரிவரியாகப் பதிகிறது என்று அழுவாள். மச்சினன் விடுதியில் படித்தபோது வாங்கிய ஆறுக்கு மூணு தேங்காய் நார் மெத்தை சுவரில் சாய்த்து வைத்தபடி சும்மா கிடந்தது. ஆக ஆறுக்கு மூணு கட்டில் ஒன்று இருந்தால் வேலை முடிந்தது என்றுதான் டவுனுக்குப் போனோம்.

கடையில் வெள்ளையும் ரோஸும் கலந்த ஒரு கட்டில். தலைமாட்டில் புத்தகம் வைக்கிற தட்டு, அதன் மேல் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர், ரெண்டு பக்கமும் தடுப்பு. பாப்பா ஏறி உட்கார்ந்தவள் இறங்கவில்லை. கடைக்காரர்களுக்கு அது போதும், அதற்கு மேல் விலை குறைத்துப் பேச முடியாது. சீட்டில் கொட்டை எழுத்தில் ‘கிட்ஸ் காட் 6 x 3’. “ஆறுக்கு மூணு மெத்தை வீட்ல இருக்கு, அது இதுல உக்காருமா?” என்று வாயைத் திறந்து கேட்டேன், என் மனைவியும் பக்கத்தில் நின்றாள். “ஸ்டாண்டர்ட் சைஸ்ணே, எழுதியே ஒட்டிருக்கோம்ல, தாராளமா உக்காரும்” என்றார் காட்டிக்கொண்டிருந்தவர். 14,500 ரூபாய். வண்டிக் கூலி தனி.

கட்டிலைப் பிரித்துக் கொண்டுவந்து வீட்டில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டி முடித்ததும் மெத்தையைத் தூக்கி வைத்தால் உள்ளே இறங்கவே இல்லை, தலைமாட்டுத் தட்டின் மேல் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. நான் எதுவும் கேட்குமுன்பே பூட்ட வந்த தம்பி சொல்கிறான்: “அண்ணே, இதுக்குத் தனி மெத்தை, கடையில இருக்கு, நாளைக்கே வந்துரும்.” அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குக் கதை புரிந்தது. அளவு தற்செயலாக மாறிப்போகவில்லை, இந்தக் கட்டிலை வாங்குகிற எல்லோரும் அடுத்த நாள் மெத்தைக்குத் திரும்ப வருவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

டேப்பு எடுத்து அளந்தேன். வெளியிலிருந்து வெளி 72 அங்குலம், சரிதான். ஆனால் தலைமாட்டுத் தட்டு மட்டும் 5 அங்குலம், கால்மாட்டுப் பலகை ஒரு அங்குலம், உள்ளே மிஞ்சுவது 66. அகலத்தில் பக்கச் சட்டம் ரெண்டும் ஒன்றரை ஒன்றரை தின்ன, உள்ளே 33. அதாவது அஞ்சரை அடிக்கு ரெண்டேமுக்கால் அடி. கடைகளில் அடுக்கி வைத்திருக்கிற ஒற்றை மெத்தைகளைப் பாருங்கள், 72க்கு 30, 72க்கு 36, 75க்கு 36, 78க்கு 36, இப்படித்தான் இருக்கும். 66க்கு 33 என்று ஆர்டர் கொடுத்துச் செய்தால் உண்டு, கையில் எடுத்துக்கொண்டு வர முடியாது. மெத்தைக்கு அவர்கள் சொன்ன விலை 5,800.

போனில் கூப்பிட்டேன். முதலில் “பையன் தெரியாம சொல்லிருப்பான்”. அப்புறம் ஓனரே வந்து, “தம்பி, கட்டில்னா வெளி அளவுதான் சொல்லுவோம், ஊரெல்லாம் அப்படித்தான்.” சரி, ஊரெல்லாம் அப்படி என்றால் மெத்தை உட்காருமா என்று கேட்டவனுக்கு ஏன் உட்காரும் என்று சொன்னீர்கள்? அதற்குப் பதில் இல்லை. “சின்னப் புள்ளைக்கு எதுக்குப்பா ஆறடி, வயசுக்கு ஏத்த சைஸ்தான் நல்லது” என்று பேச்சை மாற்றினார்.

இந்த ‘வயசுக்கு ஏத்த சைஸ்’ பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், நிறையப் பேர் விழுவது இதில்தான். அஞ்சு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் சுமார் 110 செ.மீ., பத்து வயதில் 138 வாக்கில். 66 அங்குலம் என்றால் 167 செ.மீ. வருகிறது. ஆக நீளம் பாப்பாவுக்குப் பல வருஷம் போதும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெத்தை அத்தனை வருஷம் வராது. அமுங்கும், மூத்திரம் போகும், ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போதும் அதே கடைக்குத்தான் போய் நிற்க வேண்டும். விரிப்பும் சரியாக அமையாது. ஆன்லைனில் வருகிற 140க்கு 70, 160க்கு 80 செ.மீ. குழந்தைக் கட்டில்களும் இதே கணக்குதான், அதற்கேற்ற மெத்தை நம் பக்கத்துக் கடைகளில் தேடினால் கிடைக்காது. உள்ளே முழுசாக 72க்கு 36 இருக்கிற சாதாரண ஒற்றைக் கட்டிலை, உயரத்தை மட்டும் குறைத்துப் போட்டால் நாலு வயதிலும் படுக்கலாம், காலேஜ் போகும்போதும் படுக்கலாம். பெரிய கட்டிலில் படுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. மெத்தையோடு சேர்த்துப் பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு இருந்தால் தானே ஏறி தானே இறங்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது என்று ஓனர் ஒரேயடியாக நின்றார், பாப்பாவோ பட்டாம்பூச்சியை விட்டு நகரமாட்டேன் என்கிறாள், வேறு வழியில்லாமல் அந்த 5,800 மெத்தையும் வந்தது. வந்த மெத்தை 33 அகலம்கூட இல்லை, 30! “லைட்டா லூசு இருக்கத்தான்ணே வேணும், அப்பத்தான் பெட்ஷீட் மடிச்சுவிட முடியும்.” மூணு அங்குல இடைவெளி லைட்டாக லூசா?

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், காசை விட இதுதான் முக்கியம். ஒரு ராத்திரி பாப்பா கத்துகிற சத்தம் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டால், மெத்தை ஒரு பக்கமாக நகர்ந்து தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் அவளுடைய ஒரு கால் தொடைவரைக்கும் இறங்கியிருக்கிறது. இழுத்தால் வரவில்லை. மெத்தையை மறுபக்கம் தள்ளித்தான் எடுத்தோம், தொடையில் சட்டத்தின் ஓரம் சிவப்பாக அழுந்தியிருந்தது. நல்லவேளை கால். ஒரு வயசு, ஒன்றரை வயசுப் பிள்ளை என்றால் உடம்பு இறங்கித் தலை மாட்டிக்கொள்ளும். தொட்டில் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்றும், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுத் தடுப்பில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது என்றும் அமெரிக்காவில் விதியே வைத்திருப்பது இதற்காகத்தான். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரெண்டு விரல் போனாலே எனக்கு அதிகம்.

தடுப்பு விஷயமும் அப்படித்தான். கடையில் மெத்தை இல்லாமல் வெறும் கட்டிலாகப் பார்க்கும்போது தடுப்பு நல்ல உயரமாகத் தெரியும். எங்களுடையதில் அடிப்பட்டையிலிருந்து 9 அங்குலம். அதில் 6 அங்குல மெத்தை போட்டால் தடுப்பு மிஞ்சுவது 3 அங்குலம், உருண்டு வருகிற பிள்ளை அதன் மேலேயே உருண்டு விழும். மெத்தைக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நடுவில் இன்னொன்று, ரெண்டு பிள்ளைகள் என்று தெரிந்ததும் “அப்போ அடுக்குக் கட்டில் எடுத்துருங்கண்ணே, இடம் மிச்சம், பாப்பா மேல ஏறிக்கும்” என்று அதே ஆள்தான் சொன்னார். ஆறு வயது ஆகாத பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்பது உலகம் முழுக்கச் சொல்கிற விஷயம், கட்டில் விற்கிறவருக்குத் தெரியவில்லை அல்லது தெரிந்தும் சொல்கிறார்.

அப்புறம் மரம். ‘இன்ஜினியர்டு வுட்டு’ என்று சொன்னது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. குளிர்ந்த, காய்ந்த ஊரில் அது பல வருஷம் நிற்கலாம், நம் ஊரில் வடக்கே ஒரு கடல் தெற்கே ஒரு கடல், கச்சான் அடித்தாலும் உப்புக்காற்று, வாடை அடித்தாலும் உப்புக்காற்று. ஒரு மழைக்காலம் முடியுமுன்பே கால்கள் நாலும் அடியில் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிவிட்டன. ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டை வாயைப் பிளந்தது, உள்ளே விரலால் சுரண்டினால் தூள் உதிர்கிறது. போல்ட்டுகளில் துரு ஏறியதும் ஓட்டை பெரிதாகி, பாப்பா புரண்டு படுத்தால் கட்டில் முழுக்க ஆடும். இறுக்கலாம் என்று திருகினால் போல்ட் சும்மா சுற்றுகிறது, பிடிக்க உள்ளே மரம் இருந்தால்தானே. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் கீழே நாலே நாலு ரீப்பர், அதில் ஒன்று பழைய பேக்கிங் பெட்டியிலிருந்து பிடுங்கியது, ஒடிந்த ஆணி அப்படியே இருக்கிறது. மெத்தையின் ஜிப்பைத் திறந்தால் உள்ளே கலர் கலராகத் துண்டு ஃபோம் ஒட்டியது. ரீபாண்டட் ஃபோம் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை, ‘ப்யூர் ஃபோம்’ என்று காசு வாங்கிவிட்டு அதைக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

பில்லைக் காட்டிக் கேட்கலாம் என்றால் அவர்கள் கொடுத்தது பில்லே இல்லை, ‘எஸ்டிமேட்’ என்று மேலே அச்சடித்த சீட்டு. அதில் ‘கிட்ஸ் காட் 1’ என்று மட்டும். கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’. அந்த வரியைக் காட்டித்தான் எல்லோரையும் திருப்பி அனுப்புகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததும் முறையற்ற வணிகம்தான், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். இதை வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் மனு போட, பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915இல் புகார் பதிவான பிறகு கடையிலிருந்து தானாகவே போன் வந்தது, மெத்தைக் காசை மட்டும் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சீட்டு ஒட்டிய கட்டிலோடு பாப்பாவை அன்று கடையில் எடுத்த போட்டோ இருக்கிறது, ‘6 x 3’ பளிச்சென்று தெரிகிறது, அதுதான் இப்போது என் கையில் இருக்கிற பெரிய ஆதாரம். கடையில் போட்டோ எடுங்கள், சீட்டோடு சேர்த்து.

ஏற்கனவே இப்படி ஒரு கட்டில் வாங்கி மாட்டியிருப்பவர்கள் கடை மெத்தைக்குப் போகாதீர்கள். உள் அளவைக் கொடுத்தால் இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர்கள் எந்த அளவுக்கும் தைத்துக் கொடுப்பார்கள், போடிப் பஞ்சு என்று கேட்டு வாங்குங்கள். ஓரம் சட்டத்தைத் தொடுகிற மாதிரி நெருக்கமாகத் தைக்கச் சொல்லுங்கள்.

புதுசாக வாங்குகிறவர்களுக்கு நான் கடையைச் சொல்லமாட்டேன், ஆசாரியைத்தான் சொல்வேன். உச்சிப்புளியில் ஒரு ஆசாரி எங்களுக்கு இப்போது வேப்ப மரத்தில் செய்துகொண்டிருக்கிறார், மரத்துக்குள் மரத்தைச் செருகிக் கழுந்து அடித்துக் கூட்டியது, போல்ட்டே கிடையாது, கூலியும் மரமும் சேர்த்து 13,000 பேசியிருக்கிறோம். முன்பணம் கொடுக்கும்போதே ‘உள்ளுக்குள் 72க்கு 36, தரையிலிருந்து பட்டை 10 அங்குலம், தடுப்பு மெத்தைக்கு மேல் 6 அங்குலம், கழற்றுகிற மாதிரி’ என்று ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் சிரித்தார், “கட்டிலுக்குப் பத்திரமா தம்பி” என்று. ஆமாண்ணே என்றேன். பட்டாம்பூச்சி ஸ்டிக்கரைப் பழைய கட்டிலிலிருந்து உரித்துப் புதுசில் ஒட்டித் தர வேண்டும் என்று பாப்பா அவரிடம் தனியாகப் பேசி வைத்திருக்கிறாள்.